மார்பகப் புற்றுநோய்: எந்தப் படம் எதைக் காட்டும்?



நான் மருத்துவம் பயின்றவள் அல்லள். கலைப்பிரிவில் பட்டம் பெற்று, பெண்கள் மதரஸா ஒன்றில் பாடம் நடத்தி வருபவள். அப்படிப்பட்ட எனக்கு மருத்துவப் பரிசோதனைகளைப் பற்றி எழுத என்ன தேவை வந்தது என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தாயின் கையில் இருந்த காகிதமே அந்தத் தேவையை உண்டாக்கிற்று.

எங்கள் மாணவி ஒருத்தியின் தாயார் தம் மகளுக்கு விடுப்புக் கேட்டு வந்திருந்தார். வயது 42. சிகிச்சைக்காக வெளியூர் செல்வதாகக் கூறியவர், சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு மருத்துவ அறிக்கையை எடுத்து என்னிடம் நீட்டினார். அவருடைய இடப்பக்க மார்பில் கொண்டைக்கடலை அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. இரண்டு மாதங்கள் யாரிடமும் சொல்லாமல் இருந்து, பிறகு கணவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் உடனே அழைத்துச் சென்று மேமோகிராம் எடுக்கச் செய்திருக்கிறார். ‘புற்றுநோய்க்கான அடையாளம் எதுவும் காணப்படவில்லை’ என்று அறிக்கை வந்தது. வீடே மகிழ்ந்தது. அறிக்கை பீரோவுக்குள் போயிற்று. எட்டு மாதங்கள் கழிந்தன. கட்டி நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்த பிறகே வேறொரு மருத்துவர் அல்ட்ராசவுண்ட் எடுத்து, ஊசி மூலம் சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்து, அது புற்றுநோய்தான் என்று உறுதி செய்தார்.

அவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: “படத்தில் இல்லாத நோய் உடம்பில் எப்படி இருந்தது, ஆலிமா?”

அந்த அறிக்கையை நான் முழுமையாகப் படித்தேன். இறுதியில் ஆங்கிலத்தில் இரண்டு வரிகள் இருந்தன. மார்பகத் திசு மிகவும் அடர்த்தியாக உள்ளது, அதனால் சிறு கட்டிகள் மறைந்திருக்கக் கூடும் என்பது ஒன்று. கையால் உணரத்தக்க கட்டி இருப்பின் அல்ட்ராசவுண்ட் செய்து பார்க்கவும் என்பது மற்றொன்று. அந்த இரண்டு வரிகளை அவருக்கு எடுத்துச் சொல்வார் யாருமில்லை.

அவருடைய கேள்விக்கு விடை தேடிப் படித்தவற்றையும், மருத்துவம் அறிந்த சகோதரிகளிடம் கேட்டுத் தெளிந்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 23 இலட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது; 6,70,000 பேர் இறந்தனர். அதே ஆண்டில் நம் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்கள் இந்நோய்க்கு ஆளாகினர். ஏறத்தாழ 98,000 பேர் மரணமடைந்தனர். இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்கே. ஆகவே இது எந்த வீட்டுக்கும் அந்நியமான செய்தி அன்று.

இருவேறு பரிசோதனைகள்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். உடலில் எந்தக் குறையும் தோன்றாத பெண்ணுக்கு, நோய் மறைந்திருக்கிறதா என்று குறிப்பிட்ட கால இடைவெளியில் செய்வது முன்னறிதல் பரிசோதனை. கட்டியோ வேறு மாற்றமோ தென்பட்ட பெண்ணுக்கு, அது என்னவென்று அறியச் செய்வது நோய் நிர்ணயப் பரிசோதனை. இரண்டுக்கும் ஒரே கருவி பயன்படலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

முன்னதில் ஒரு படம் எடுத்து, குறை இல்லையென்றால் அடுத்த தவணை வரை காத்திருக்கலாம். பின்னதில் அவ்வாறு நின்றுவிடக் கூடாது. மருத்துவர் கையால் தொட்டுப் பார்ப்பது, படம் எடுப்பது, தேவையெனில் ஊசி மூலம் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் வரை விசாரணை முடிவதில்லை. நமது மாணவியின் தாயாருக்கு வேண்டியிருந்தது இரண்டாவது. அவருக்குக் கிடைத்ததோ முதலாவது. தவறு அங்கேதான் தொடங்கியது.

மேமோகிராம்

மேமோகிராம் என்பது மார்பகத்துக்கென்றே அமைந்த எக்ஸ்ரே. மார்பகத்தை இரு தட்டுகளுக்கிடையே சில விநாடிகள் அழுத்தி, மேலிருந்து ஒன்றும் பக்கவாட்டில் சாய்வாக ஒன்றுமாகப் படம் எடுக்கின்றனர். அழுத்துவதால் சற்று வலி உண்டு. ஆனால் திசு பரந்து விரிவதால் படம் தெளிவாகிறது, கதிர்வீச்சின் அளவும் குறைகிறது.

எக்ஸ்ரே கதிரை இராண்ட்ஜன் 1895இல் கண்டுபிடித்தார். 1913இல் பெர்லின் நகர அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன், அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட ஏறத்தாழ 3,000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்து, புற்றுநோய் படத்தில் எவ்வாறு தோன்றுகிறது என்று முதன்முதலாக விளக்கினார். நோயற்ற பெண்களிடையே இதைப் பரவலாகச் செய்தால் உயிரிழப்பு குறையுமா என்பதை அறியும் முதல் பெரும் ஆய்வு 1963இல் நியூயார்க்கில் தொடங்கிற்று. 40 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ 62,000 பெண்கள் அதில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். மேமோகிராமும் மருத்துவரின் கைப் பரிசோதனையும் வழங்கப்பட்ட பிரிவில், இந்நோயால் நேர்ந்த மரணங்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தன. 1977இல் சுவீடனின் இரு மாவட்டங்களில் தொடங்கிய ஆய்வு, மேமோகிராமினால் மரணங்கள் 31 சதவீதம் குறைந்ததாக 1985இல் அறிவித்தது. இவற்றின் பின்னரே பல நாடுகள் இதை அரசுத் திட்டமாக்கின. பிரிட்டன் 1988இல் தொடங்கியது.

‘உயிரிழப்பைக் குறைக்கிறது’ என்று நீண்டகால ஆய்வுகளால் மெய்ப்பிக்கப்பட்ட பட முறை மேமோகிராம்தான். பிற கருவிகள் அதிகமான கட்டிகளைக் கண்டுபிடிக்கின்றன என்பதற்குச் சான்று உண்டு. ஆனால் உயிரிழப்பைக் குறைப்பதற்கு இத்தகைய சான்று மேமோகிராமுக்கே உள்ளது. இதற்கு இன்னொரு சிறப்பும் உண்டு. உப்புத் துகள் போன்ற நுண்ணிய சுண்ணாம்புப் படிவுகளை மேமோகிராம் நன்கு காட்டும். கட்டியாக உருவெடுப்பதற்கு முன்பே பால் நாளங்களுக்குள் தோன்றும் தொடக்க நிலைப் புற்று, பெரும்பாலும் இந்தத் துகள்களாலேயே தன்னைக் காட்டிக் கொடுக்கிறது.

உளுந்தும் அரிசியும்

இத்தனை சிறப்புடைய கருவி அந்தத் தாயாருக்கு ஏன் உதவவில்லை? விடை நம் வீட்டு முறத்தில் இருக்கிறது.

தோல் உரிக்காத கறுப்பு உளுந்தை முறத்தில் பரப்பிப் பாருங்கள். அதில் கிடக்கும் வெள்ளைக் கல் உடனே கண்ணில் படும். அதே கல் பச்சரிசியில் கலந்திருந்தால் எத்தனை முறை புடைத்தாலும் தப்பிவிடும். மேமோகிராம் படத்தில் கொழுப்பு கறுப்பாகத் தோன்றும். பால் சுரப்பிகளும் நார்த்திசுவும் வெண்மையாகத் தோன்றும். புற்றுக் கட்டியும் வெண்மையே. கொழுப்பு மிகுந்த மார்பகத்தில் கட்டி, உளுந்தில் கிடந்த கல். சுரப்பிகளும் நாரும் நிறைந்த அடர்த்தியான மார்பகத்தில் அது அரிசியில் கிடந்த கல்.

இந்த அடர்த்தியை மருத்துவர்கள் ஏ, பி, சி, டி என நான்கு நிலைகளாகப் பிரித்துள்ளனர். ஏ என்பது பெரும்பாலும் கொழுப்பு. டி என்பது மிகமிக அடர்த்தி. அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2003இல் வெளியாயிற்று. கொழுப்பு மிகுந்த மார்பகத்தில் இருந்த 100 புற்றுகளில் 87ஐ மேமோகிராம் கண்டது. மிக அடர்த்தியான மார்பகத்திலோ 63ஐ மட்டுமே கண்டது.

அடர்த்தி என்பது நோயன்று. அது ஒருவரின் உடலமைப்பு. கையால் தொட்டுப் பார்த்து அதை அறிய இயலாது, படத்தில்தான் தெரியும். இளம் வயதில் அடர்த்தி மிகுந்தும், மாதவிலக்கு நின்ற பின் பெரும்பாலும் குறைந்தும் காணப்படும். மேலை நாட்டுப் பெண்களைவிட ஏறத்தாழ பத்தாண்டுகள் முன்னதாகவே இந்நோய் நம் பெண்களைத் தாக்குவதாக மருத்துவர்கள் கூறுகின்றனர். ஆகவே அடர்த்தி பற்றிய இச்செய்தி நமக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அமெரிக்காவில் 2024 செப்டம்பர் முதல், மேமோகிராம் எடுத்துக் கொள்ளும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவருடைய மார்பக அடர்த்தியை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்ட விதியாகிவிட்டது. இங்கே நாமாகக் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும்.

மேமோகிராமின் புதிய வடிவங்கள்

முன்பு பிலிமில் எடுத்த படத்தை இப்போது கணினியில் பதிகின்றனர். இவ்விரண்டையும் ஒப்பிட்டு, அமெரிக்காவிலும் கனடாவிலும் 49,528 பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2005இல் வெளியாயிற்று. எல்லாப் பெண்களையும் சேர்த்துப் பார்க்கையில் இரண்டும் சமமே. ஆனால் 50 வயதுக்குக் குறைந்தவர், அடர்த்தியான மார்பகம் உடையவர் ஆகியோருக்குக் கணினிப் பதிவே சிறந்தது எனத் தெரிந்தது.

அடுத்த படி டோமோசிந்தசிஸ் எனப்படும் முப்பரிமாண மேமோகிராம். கருவி வில் போல வளைந்து நகர்ந்து பல கோணங்களில் படம் எடுக்கிறது. கணினி அவற்றை இணைத்து, ரொட்டித் துண்டுகளைப் போல மெல்லிய அடுக்குகளாகப் பிரித்துக் காட்டுகிறது. ஒன்றன்மேல் ஒன்று படிந்து மறைத்த திசுக்கள் இதனால் விலகித் தெரிகின்றன. ஜெர்மனியில் 99,689 பெண்களிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், சாதாரண கணினி மேமோகிராம் 1,000 பெண்களில் 4.8 பேருக்குப் பரவும் தன்மையுள்ள புற்றைக் கண்டது; முப்பரிமாண முறை 7.1 பேருக்குக் கண்டது. எனினும் நார்வேயின் பெர்கன் நகரில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆகவே இவ்வசதி உள்ள இடத்தில் பயன்படுத்திக் கொள்ளலாம். இல்லாத ஊரில் இதற்காகப் பரிசோதனையையே தள்ளிப்போட வேண்டியதில்லை.

அல்ட்ராசவுண்ட்

கர்ப்பகாலத்தில் நாம் அறிந்த அதே ஸ்கேன்தான். ஒலியலைகள் திசுக்களில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு படம் உருவாகிறது. கதிர்வீச்சு கிடையாது, அழுத்துவதும் கிடையாது. இந்தப் படத்தில் அடர்த்தியான திசு வெண்மையாகவும் புற்றுக் கட்டி பெரும்பாலும் கருமையாகவும் தோன்றும். அதாவது அரிசியில் கிடந்த கல் இங்கே கறுப்பாகிவிடுகிறது! அடர்த்தியான மார்பகத்துக்கும் இளம்பெண்களுக்கும் இது பேருதவியாக அமைவதன் காரணம் இதுவே. கட்டிக்குள் இருப்பது நீரா, கெட்டிச் சதையா என்பதையும் இது பிரித்துச் சொல்லும்.

ஜப்பானில் 40 முதல் 49 வயது வரையிலான 72,998 பெண்களிடம் ஓர் ஆய்வு நடைபெற்றது. மேமோகிராம் மட்டும் செய்த பிரிவில் 100 புற்றுகளில் 77 கண்டுபிடிக்கப்பட்டன. மேமோகிராமுடன் அல்ட்ராசவுண்டும் செய்த பிரிவில் 91 கண்டுபிடிக்கப்பட்டன. ஆனால் இதற்கு ஒரு விலையும் இருந்தது. நோயே இல்லாத 100 பேரில் முதற்பிரிவில் ஏறத்தாழ 9 பேர் வீண் அச்சத்துக்கு ஆளாகி மறுசோதனைக்குச் சென்றனர். இரண்டாம் பிரிவில் ஏறத்தாழ 12 பேர் சென்றனர்.

அல்ட்ராசவுண்டுக்குக் குறைகளும் உள்ளன. மேமோகிராம் காட்டும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களை இது சரிவரக் காட்டாது. கருவியைப் பிடித்து நகர்த்தும் கையின் பயிற்சியையும் பெரிதும் சார்ந்தது. எனவே 40 வயதைக் கடந்த பெண், ‘மேமோகிராம் வலிக்கும், ஸ்கேன் மட்டும் போதும்’ என்று தாமே முடிவு செய்வது சரியன்று. இது மேமோகிராமின் துணை. அதற்கு மாற்று அன்று.

எம்.ஆர்.ஐ.

காந்தப் புலத்தையும் வானொலி அலையையும் கொண்டு இயங்குவது எம்.ஆர்.ஐ. பெண் குப்புறப் படுத்திருக்க, நரம்பு வழியே கடோலினியம் என்னும் மருந்தைச் செலுத்திப் படம் எடுக்கின்றனர். புற்று தன் வளர்ச்சிக்காக மிகுதியான இரத்தத்தை இழுத்துக் கொள்வதால், அம்மருந்து அவ்விடத்தில் சேர்ந்து ஒளிர்கிறது. திசு அடர்த்தி இதற்குப் பெரிய தடையாவதில்லை. கட்டியைக் காண்பதில் கூர்மை மிகுந்த முறைகளில் இது முதன்மையானது.

நெதர்லாந்தில் மிக அடர்த்தியான மார்பகம் உடைய, மேமோகிராமில் குறை காணப்படாத, 50 முதல் 75 வயது வரையிலான 40,373 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்து 2019இல் முடிவு வெளியாயிற்று. ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் இடையே திடீரெனத் தலைகாட்டும் புற்றுகள், மேமோகிராம் மட்டும் செய்தவர்களில் 1,000க்கு 5 ஆக இருந்தன. எம்.ஆர்.ஐ.க்கு அழைக்கப்பட்ட பிரிவில் அவை 2.5 ஆகக் குறைந்தன. அழைப்பை ஏற்று உண்மையில் எம்.ஆர்.ஐ. செய்து கொண்டவர்களிடையே 0.8 மட்டுமே.

அப்படியானால் எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமே என்று தோன்றும். செலவு மிக அதிகம்; நேரமும் அதிகம். பேரிரைச்சலுடைய குறுகிய கூட்டுக்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உடையவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அத்துடன், நோயல்லாத பல மாற்றங்களும் இதில் ஒளிர்வதால் வீண் அச்சமும் தேவையற்ற பயாப்ஸியும் கூடுகின்றன. எனவே பரம்பரையால் நோய் அபாயம் மிகுந்த பெண்களுக்கே இது ஆண்டுதோறும் பரிந்துரைக்கப்படுகிறது. தாய், சகோதரி, மகள் ஆகியோரில் எவருக்கேனும் இளவயதில் இந்நோய் வந்திருந்தாலோ, குடும்பத்தில் பலருக்கு மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ இருந்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். தந்தை வழி உறவினரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1994, 1995 ஆண்டுகளில் கண்டறியப்பட்ட பி.ஆர்.சி.ஏ. 1, 2 என்னும் மரபணுக்களில் ஏற்படும் பழுது, தந்தை வழியாகவும் பெண்ணை வந்தடையும்.

நேருக்கு நேர் ஓர் ஒப்பீடு

பிரிட்டனில் நடந்து 2025இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, இம்முறைகளை ஒன்றோடொன்று நிறுத்தி அளந்தது. மார்பகம் அடர்த்தியாக இருந்தும் மேமோகிராமில் எக்குறையும் காணப்படாத 9,361 பெண்கள் நான்கு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு மேற்கொண்டு எப்படமும் எடுக்கப்படவில்லை. மற்ற மூவகையினருக்கும் மேமோகிராமுக்குத் தப்பியிருந்த புற்றுகள் கண்டுபிடிக்கப்பட்டன. தானியங்கி அல்ட்ராசவுண்ட் 1,000 பரிசோதனைகளில் 4.2 புற்றுகளையும், சுருக்கமான எம்.ஆர்.ஐ. 17.4 புற்றுகளையும் கண்டன. அயோடின் மருந்தை நரம்பில் செலுத்தி எடுக்கும் மேமோகிராம் 19.2 புற்றுகளைக் கண்டது.

‘குறை எதுவும் இல்லை’ என்று அறிக்கை பெற்ற பெண்களிடமே இத்தனை புற்றுகள் மறைந்திருந்தன என்பதைக் கவனியுங்கள். அந்தத் தாயாரின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை. படத்தில் இல்லாதது உடம்பில் இருக்கக்கூடும். அயோடின் மருந்து சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வெப்பத்தைப் பதியும் கருவிகள்

‘தொட வேண்டாம், அழுத்த வேண்டாம், கதிர்வீச்சு இல்லை’ என்ற விளம்பரத்தோடு, உடல் வெப்பத்தைப் படம் பிடிக்கும் தெர்மோகிராபி முறையும் உலவுகிறது. நாணமிகுந்த நம் பெண்களுக்கு இது மிகவும் உவப்பாகத் தோன்றும். ஆனால் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், இது மேமோகிராமுக்கு மாற்று ஆகாது என்றும், இதை மட்டும் நம்பினால் புற்றைத் தொடக்கத்திலேயே கண்டறியும் வாய்ப்பு நழுவும் என்றும் பலமுறை எச்சரித்துள்ளது. எளிமையை எண்ணி ஏமாந்துவிட வேண்டாம்.

பரிசோதனையின் மறுபக்கம்

நன்மையை மட்டும் சொல்லித் தீமையை மறைப்பது நேர்மையாகாது. மேமோகிராம் சில நேரங்களில் இல்லாத நோயை இருப்பதாகக் காட்டி அச்சுறுத்தும். மறுசோதனைக்கு அழைக்கப்படுவோரில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஆகவே மறுபடியும் வரச் சொன்னால் நிலைகுலைய வேண்டாம்.

இன்னொன்று, ஆயுள் முழுவதும் தீங்கு செய்யாமலேயே இருந்திருக்கக்கூடிய மந்தமான புற்றையும் கண்டுபிடித்து அறுவைக்கு உள்ளாக்குவது. 2012இல் பிரிட்டனின் நிபுணர் குழு இதனை எடை போட்டது. 50 வயதுடைய 10,000 பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதனைக்கு அழைத்தால், 43 மரணங்கள் தடுக்கப்படும். 129 பேர் அத்தகைய தேவையற்ற சிகிச்சைக்கு ஆளாவர் என்று அது மதிப்பிட்டது. கதிர்வீச்சைப் பற்றிய அச்சமும் பலருக்கு உண்டு. ஒருமுறை மேமோகிராம் எடுப்பதால் உடலில் படும் கதிர்வீச்சு, நாம் இயற்கையாகவே சில வாரங்களில் பெறும் அளவுதான்.

இவ்விரு பக்கங்களையும் சீர்தூக்கியே நாடுகள் வயதை வரையறுக்கின்றன. பிரிட்டனில் 50 வயது முதல் 71ஆம் பிறந்தநாள் வரை மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை அழைக்கின்றனர். அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு, 40 முதல் 74 வயது வரை ஈராண்டுக்கு ஒருமுறை என 2024இல் பரிந்துரைத்தது.

மும்பை தந்த பாடம்

கருவிகள் எட்டாத இடத்தில் என்ன செய்வது? இதற்கு நம் நாட்டிலேயே ஒரு விடை கிடைத்திருக்கிறது. மும்பையின் குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்களிடம் டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் ஓர் ஆய்வைத் தொடங்கிற்று. பத்தாம் வகுப்பு வரை படித்த பெண்களுக்குச் சில மாதங்கள் பயிற்சி அளித்து, அவர்களைக் கொண்டு ஈராண்டுக்கு ஒருமுறை கையால் மார்பகப் பரிசோதனை செய்வித்தனர். படம் ஏதும் எடுக்கவில்லை.

முடிவு 2021இல் வெளியாயிற்று. முற்றிய நிலையில் நோய் கண்டறியப்பட்டவர்கள் பரிசோதிக்கப்படாத பிரிவில் 47 சதவீதம்; பரிசோதிக்கப்பட்ட பிரிவில் 37 சதவீதம். எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்க்கையில் மரணங்கள் 15 சதவீதம் குறைந்திருந்தன; எனினும் அதைத் தற்செயலன்று என உறுதியாகக் கூற இயலவில்லை. 50 வயதைக் கடந்த பெண்களிடையே ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தன. இது உறுதியான முடிவு. பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் கை இத்தனையும் செய்ய முடிகிறது! மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்தக் கைப் பரிசோதனையையே முதற்படியாக வகுத்துள்ளது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

நாணமும் உரிமையும்

நம் சகோதரிகளில் பலர் நோயை மறைப்பதற்கு நாணமே காரணம். நாணம் ஈமானின் அழகு; அதில் ஐயமில்லை. ஆனால் அது உயிரைக் காக்கும் கடமைக்குத் தடையாக நிற்கக் கூடாது. மருத்துவத் தேவைக்காகத் தேவையான அளவு காட்டுவதை மார்க்க அறிஞர்கள் அனுமதித்தே உள்ளனர். பெண் மருத்துவர் இருப்பின் அவரை முற்படுத்த வேண்டும் என்றும் கூறியுள்ளனர். பிரிட்டனின் அரசுத் திட்டத்தில் மேமோகிராம் எடுப்பவர்கள் பெண்களே. இங்கும் முன்பதிவு செய்யும்போதே, ‘படம் எடுப்பவர் பெண்ணா?’ என்று கேளுங்கள். இல்லையெனில் பெண் பணியாளர் இருக்கும் நாளையோ வேறு மையத்தையோ தேர்ந்தெடுங்கள். இது சலுகை கேட்பதன்று, உங்கள் உரிமை.

குடும்பத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவியோ தாயோ சகோதரியோ ஒரு மாற்றத்தைச் சொன்னால், ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஒத்திப்போடாதீர்கள். அவர் உங்களிடம் சொல்லத் துணிவதற்கு முன்பே பல வாரங்கள் கழிந்திருக்கும்.

சகோதரிகள் செய்ய வேண்டியவை

மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழிவு அல்லது ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், வயது எதுவாயினும் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். வலி இல்லை என்பதால் அலட்சியம் வேண்டாம். தொடக்கநிலைப் புற்றுக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை.

முப்பது வயதைக் கடந்தவர் பயிற்சி பெற்றவரிடம் கைப் பரிசோதனை செய்து கொள்ளுங்கள். நாற்பதைக் கடந்தவர் மேமோகிராமைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். மார்பகம் அடர்த்தியானது என்று அறிக்கை கூறினால் அல்ட்ராசவுண்ட் சேர்க்க வேண்டுமா என்று கேளுங்கள். குடும்பத்தில் இந்நோய் இருப்பின் எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள்.

மேமோகிராம் எடுக்க, மாதவிலக்கு முடிந்த அடுத்த வாரம் ஏற்றது. அப்போது வலி குறைவு. அன்று அக்குளிலும் மார்பிலும் பவுடரோ வாசனைப் பூச்சோ இட வேண்டாம். அவை படத்தில் துகள்களாகத் தோன்றி மயக்கும். மேலாடையைத் தனியே கழற்றத்தக்க உடை அணிந்து செல்லுங்கள். பழைய படங்களை உடன் கொண்டு செல்லுங்கள். எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழையும் முன் கருகமணி, கம்மல், முக்காட்டில் குத்திய ஊசி உட்பட உலோகம் அனைத்தையும் கழற்றிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அறிக்கையின் கடைசி வரி வரை படித்து விளக்கச் சொல்லுங்கள். மூன்று கேள்விகளைக் கேளாமல் மருத்துவரின் அறையை விட்டு எழாதீர்கள்: என் மார்பகத்தின் அடர்த்தி எந்த நிலை? இந்தப் படம் எதைக் காட்டத் தவறியிருக்கக் கூடும்? என் கைக்குத் தெரியும் இந்தக் கட்டிக்கு இந்தப் படம் விடை சொல்லிவிட்டதா?

அந்தத் தாயார் இப்போது சிகிச்சையில் இருக்கிறார். அவருடைய தங்கை சென்ற வாரம் பரிசோதனை செய்து கொண்டார். இறையருளால் குறை எதுவும் இல்லை. அக்காவின் அனுபவத்தால், அவர் அறிக்கையைக் கையில் வாங்கியதும் முதலில் பார்த்தது கடைசி இரண்டு வரிகளைத்தானாம். “என் கதையை எழுதுங்கள், பெயரை மட்டும் எழுத வேண்டாம்” என்று அந்தத் தாயார் என்னிடம் சொன்னார். எழுதிவிட்டேன். இதைப் படித்து முடித்ததும் இதழை மூடி வைத்துவிடாமல், உங்கள் வீட்டுப் பீரோவில் பழைய அறிக்கை ஏதேனும் படிக்கப்படாமல் கிடக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.